ஆலங்கட்டி அடித்த கூரை, கடல்கடந்த கணவர், கதவைத் தட்டிய கான்ட்ராக்டர்

கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் கார்சன் ராணுவத் தளத்தை ஒட்டியுள்ள ஃபவுன்டன் ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் அமெரிக்க ராணுவத்தில் சார்ஜென்ட். இப்போது வெளிநாட்டுப் பணியில் இருக்கிறார், மார்ச்சில்தான் திரும்புவார். அடுத்த கோடையில் வேறு மாநிலத்துக்கு மாற்றல் வரலாம். வீட்டை முன்னாள் படைவீரர் துறையின் உத்தரவாதக் கடனில், அதாவது வி.ஏ. லோனில் வாங்கியிருக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் கோலிக்குண்டைவிடப் பெரிய ஆலங்கட்டி பத்து நிமிடம் அடித்திருக்கிறது. மறுநாளே ஒரு கூரைக் கான்ட்ராக்டர் கதவைத் தட்டி, மேலே ஏறிப் படம் எடுத்துக் காட்டி, "இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுமதி மட்டும்தான்" என்று டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். தன்னிடம் ஸ்டேட் லைசென்ஸ் இருப்பதாகவும், டிடக்டிபிளை, அதாவது செலவில் வீட்டுக்காரர் போட வேண்டிய பங்கை, தாங்களே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். சேதத்தை மதிப்பிடும் இன்ஷூரன்ஸ் அட்ஜஸ்டர் வந்து போட்ட மதிப்பு 19,600 டாலர். கையில் வந்த செக்கோ 5,000 டாலர். அதிலும் கணவர் பெயர், இவர் பெயர், கடன் நிறுவனத்தின் பெயர் மூன்றும் இருக்கின்றன. கராஜின் வடக்குச் சரிவைப் பற்றி இன்ஷூரன்ஸ் இன்னும் முடிவு சொல்லவில்லை.

அவர் கேட்பவை: "5,000 டாலரை வாங்கிக்கொண்டு 8,400 டாலர் டிடக்டிபிள் கட்ட வேண்டுமாம். இது என்ன நியாயம்? வீடு ஒழுகவே இல்லை. அந்தச் செக்கைக் கார் கடனுக்குக் கட்டிவிடலாமா? படைவீரர் சட்டப்படி கணவர் வரும்வரை எந்தக் கெடுவும் ஓடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே, காத்திருக்கலாமா? டேப்லெட்டில் போட்ட கையெழுத்து என்னைக் கட்டுப்படுத்துமா?"

சகோதரி, பணக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

அந்த 8,400 டாலர் யாருக்கு?

டிடக்டிபிளை நீங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டுவதில்லை. அது கூரை போடுபவருக்கு உங்கள் பங்காகப் போகும் பணம். உங்கள் பாலிசியில் காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் 2 சதவீதம். இது சேதத்தில் 2 சதவீதம் அல்ல, வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். 4 லட்சத்து 20 ஆயிரம் டாலரில் அது 8,400.

மதிப்பீடு 19,600. கூரையின் வயதுக்காகத் தேய்மானம் என்று 6,200-ஐ இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மீதி 13,400. அதில் 8,400 போக 5,000. இதுதான் உங்கள் கையில் இருக்கும் செக். வேலை முடிந்து பில் அனுப்பியதும் அந்த 6,200 வரும். ஆக இன்ஷூரன்ஸ் தருவது 11,200, நீங்கள் போடுவது 8,400, மொத்தம் 19,600. கூரையை மாற்றாமல் விட்டால் 6,200 வராது. பாலிசியில் இழப்பீடு கணக்கிடும் முறையைச் சொல்லும் பக்கத்தைத் திறந்து, கூரைக்கு முழு மாற்றுச் செலவு உண்டா, நிறுத்தி வைத்த தொகையைக் கேட்க எத்தனை நாள் அவகாசம் என்று பாருங்கள். கூரைக்கு மட்டும் தேய்மானம் கழித்த தொகையோடு நிறுத்திக்கொள்ளும் பாலிசிகளும் உண்டு. அப்படியானால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

"டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கூரைக் கான்ட்ராக்டர் சொல்வதைக் கொலராடோவில் 2012-இல் வந்த சட்டம் தடை செய்கிறது. கட்டுவதாகவோ தள்ளுபடி செய்வதாகவோ திருப்பித் தருவதாகவோ வாக்களிக்கவே கூடாது. அந்த 8,400 எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஒன்று, பில்லில் பொய் ஏறும். இல்லையென்றால் வேலையில் குறையும்: ஆறு ஆணி நான்காகும், பழைய ஓரத்தகடே மறுபடி போடப்படும், குழாய்களைச் சுற்றியுள்ள ரப்பர் காலர் மாற்றப்படாது. பொய் பில் உங்கள் பெயரில் இன்ஷூரன்ஸுக்குப் போனால் கேள்வி உங்களிடமும் வரும். ராணுவத்தில் இருப்பவருக்கு அது ரகசியத் தகவல்களைக் கையாளத் தரும் பாதுகாப்பு அனுமதி வரைக்கும் போய் நிற்கக்கூடிய விஷயம். 8,400-ஐ ஒரே மூச்சில் புரட்ட முடியாவிட்டால், கணவரின் யூனிட் வழியாக, ராணுவக் குடும்பங்களுக்குப் பண உதவி செய்யும் ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் அமைப்பிடம் வட்டியில்லாக் கடன் கேட்டுப் பாருங்கள்.

டேப்லெட்டில் போட்ட கையெழுத்து

முதல் வேலையாக, நீங்கள் கையெழுத்திட்டதன் முழு நகலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். "இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொள்ளும் தொகைக்கு வேலையை எங்களிடமே தருகிறேன்" என்ற வரி இருந்தால் அது அனுமதிச் சீட்டு அல்ல, ஒப்பந்தம். விலகினால் இத்தனை சதவீதம் தர வேண்டும் என்ற வரி பெரும்பாலும் அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

அதே 2012 சட்டம் கூரை ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும். வேலையின் அளவும் பொருட்களும், உத்தேசச் செலவும் தேதியும், கான்ட்ராக்டரின் முகவரி, அவருடைய பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் விவரம், ரத்து செய்யும் உரிமை இவையெல்லாம் வேண்டும். கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள் நீங்கள் ரத்து செய்யலாம். அந்த நேரம் உங்களுக்குக் கடந்துவிட்டது. ஆனால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் பணத்தில் செய்யும் வேலையாக இருந்தால், கோரிக்கையை முழுதாகவோ ஒரு பகுதியையோ மறுத்து இன்ஷூரன்ஸ் அனுப்பும் எழுத்துபூர்வக் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததிலிருந்து இன்னொரு 72 மணி நேரம் உண்டு. கராஜின் வடக்குச் சரிவு பற்றிய பதில் அப்படிப்பட்ட கடிதமாக வரலாம். ரத்துக் கடிதத்தை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு வந்தால் அன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பலாம். தபால் பெட்டியோடு ஸ்பேம் பெட்டியையும் தினம் பாருங்கள்.

வடக்குச் சரிவுக்கு ஒப்புதலே வந்துவிட்டாலும் கவலை வேண்டாம். சட்டம் கேட்பவை அந்த டேப்லெட் தாளில் இல்லாவிட்டால் அதுவே உங்கள் வாதம். ஃபோர்ட் கார்சனில் உள்ள சட்ட உதவி அலுவலகம் ராணுவக் குடும்பங்களுக்கு இலவசம். உங்கள் அடையாள அட்டையோடும் அந்த நகலோடும் போங்கள். வழக்கறிஞர் கையெழுத்தில் ஒரு கடிதம் போனாலே பலர் ஒதுங்கிக்கொள்வார்கள்.

கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆலங்கட்டிப் பருவத்தில் உள்ளூர்க்காரர்களும் தெருத்தெருவாகத்தான் வருவார்கள். ஆனால் "ஸ்டேட் லைசென்ஸ்" என்ற பேச்சு எனக்கு இடிக்கிறது. கொலராடோவில் கூரைக்காரர்களுக்கு மாநில லைசென்ஸே கிடையாது. உங்கள் பகுதியில் லைசென்ஸும் பெர்மிட்டும் தருவது பைக்ஸ் பீக் பிராந்தியக் கட்டடத் துறை. அதன் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் உண்டா இல்லையா தெரிந்துவிடும். பெர்மிட்டை அவர்தான் எடுக்க வேண்டும். "வீட்டுக்காரர் பெயரில் எடுங்கள், சீக்கிரம் ஆகும்" என்று யாராவது சொன்னால் அவரிடம் லைசென்ஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவர் வரும்வரை காத்திருக்கலாமா?

பக்கத்து வீட்டார் சொல்வது 2003-இன் படைவீரர் சிவில் நிவாரணச் சட்டம். பாதி உண்மை. படைப் பணியில் இருக்கும் காலத்தை, வழக்குத் தொடுக்கும் காலவரம்பில் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் கெடுவைப் பற்றிய ஏற்பாடு அது. சேதத்தை உடனே தெரிவிக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் வேலையை முடித்துத் தேய்மானத் தொகையைக் கேட்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும் நிபந்தனைகளுக்கும் அதே சலுகை உண்டு என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அவகாசம் தேவைப்பட்டால் கணவர் வெளிநாட்டுப் பணியில் இருப்பதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதிலும் வாங்குங்கள்.

சட்டத்தைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது, அது பசை. உங்கள் கூரையில் வரிசையாகப் பதிக்கும் தார்த் தகடான ஷிங்கிளின் அடியில் ஒரு தார்ப்பசைப் பட்டை இருக்கும். வெயில் சூட்டில் அது இளகி, ஒரு வரிசையை அடுத்த வரிசையோடு ஒட்டவைக்கும். குளிர்காலத்தில் போட்ட கூரையில் அது ஒட்டாது. வெப்பம் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் ஒவ்வொரு ஷிங்கிளுக்கும் கையால் பசை வைக்க வேண்டும், அதைப் பொறுமையாகச் செய்கிற ஆட்கள் குறைவு. மலையிலிருந்து இறங்கும் குளிர்காலக் காற்று ஒட்டாத ஷிங்கிளைக் கொத்தாகப் பிய்த்துவிடும். செப்டம்பர், அக்டோபருக்குள் வேலையை முடிப்பதே நல்லது.

அப்படியானால் கணவரின் கையெழுத்து? பொதுவான பவர் பத்திரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கிகளும் கடன் நிறுவனங்களும் அதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. இந்த வேலைக்கென்று தனிப் பவர் பத்திரம் வாங்கிவிடுங்கள். வீட்டு முகவரி, பாலிசி எண், கிளெய்ம் எண், இன்ஷூரன்ஸ் செக்கின் பின்புறம் கையெழுத்திடும் அதிகாரம், கூரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம், கடன் நிறுவனத்தோடு பேசும் அதிகாரம், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். திரும்பும் தேதி தள்ளிப்போனாலும் தாங்குகிற மாதிரி மூன்று நான்கு மாதம் கூட்டிப் போடுங்கள். கணவர் இருக்கும் இடத்திலேயே ராணுவச் சட்ட அதிகாரி முன்னிலையில் இதைச் செய்யலாம். அப்படி எழுதிய ராணுவப் பவர் பத்திரம் மாநிலத்தின் படிவ விதிகளுக்குள் வரவில்லை என்று தள்ளக் கூடாது என மத்தியச் சட்டமே சொல்கிறது.

செக்கில் கடன் நிறுவனத்தின் பெயர் இருப்பது வழக்கமான ஏற்பாடுதான். அங்கே இன்ஷூரன்ஸ் செக்குகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கும், லாஸ் டிராஃப்ட் என்பார்கள். அட்ஜஸ்டரின் மதிப்பீடு, கான்ட்ராக்டரின் ஒப்பந்தம், அவருடைய வரிப் படிவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பணத்தைத் தவணையாகவும் விடுவிக்கலாம். கடைசித் தவணைக்கு முன் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பலாம். இதற்கே சில வாரம் பிடிக்கும், இன்றே போன் போடுங்கள். கார் கடன் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த காப்பீட்டுப் பணத்தை வீட்டைச் சீர்செய்யவே செலவிட வேண்டும் என்பது உங்கள் அடமானப் பத்திரத்தின் நிபந்தனையாக இருக்கும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் செக்கும் மாறாது.

ஒழுகவில்லையே?

நம் ஊர் ஓட்டுக் கூரையில் கல் விழுந்தால் ஓடு உடையும், அன்றைக்கே ஒழுகும், ஏறி அந்த ஓட்டை மட்டும் மாற்றிவிடலாம். ஷிங்கிள் அப்படி அல்ல. கண்ணாடியிழைப் பாயில் தார் ஏற்றி, மேலே கல்குருணை பதித்த தகடு அது. ஆலங்கட்டி அடித்த இடத்தில் குருணை உதிரும், அடியிலுள்ள பாய் விரியும். விரலால் அழுத்தினால் அடிபட்ட கொய்யாப்பழம் போல மெத்தென்று உள்ளே போகும். குருணை போன இடத்தில் வெயில் நேரே தாரில் படும். தார் காய்ந்து வெடிக்க ஓரிரு வருடம் ஆகலாம். ஒழுகுவது அதற்குப் பிறகுதான். அப்போது இந்த ஜூலை மழையைக் காட்டிக் கேட்க முடியாது. நடுவில் இன்னொரு ஆலங்கட்டி மழை வந்தால், ஏற்கெனவே பணம் கொடுத்த சேதத்தை நீங்கள் சரிசெய்யவில்லை என்று கழித்துவிடுவார்கள். உங்கள் பகுதியில் அது வராமல் இருக்காது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடி உயரத்தையொட்டிய ஊர்கள் அவை. உறைநிலை மேகத்துக்கும் தரைக்கும் தூரம் குறைவு, கட்டி உருகுவதற்குள் வந்து விழுந்துவிடும். 2018 ஆகஸ்ட் 6 அன்று ஃபோர்ட் கார்சனுக்குப் பக்கத்திலுள்ள செயன் மவுன்டன் விலங்குக்காட்சிசாலையில் விழுந்த கட்டிகளுக்கு விலங்குகளே பலியாயின.

கான்ட்ராக்டர் காட்டிய படம் உண்மைதானா என்று தரையில் நின்றே ஓரளவு சரிபார்க்கலாம், நீங்கள் ஏற வேண்டாம். வெளியில் இருக்கும் ஏசி யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள், மழைநீர்க் குழாய், ஜன்னல் வலை, கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக மூடிகள் இவற்றைப் பாருங்கள். மூடியைப் போன் கேமராவில் பெரிதாக்கினால் குழி தெரியும். மழைநீர்க் குழாயின் வாயில் கருங்குருணை குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆலங்கட்டி காற்று வந்த திசையில்தான் கூடுதலாக அடிக்கும், தாறுமாறாக விழும். நான்கு சரிவிலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வட்டங்கள் இருந்து, மெல்லிய உலோகத்தில் ஒரு குழிகூட இல்லை என்றால் அது சுத்தியல் செய்த வேலை.

வடக்குச் சரிவுக்கு மறு ஆய்வு கேட்கும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் கூரைக்காரரும் கூட இருக்கட்டும். அட்ஜஸ்டர் 10-க்கு 10 அடிக் கட்டம் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்து அடிகளை எண்ணுவார். எங்கே எண்ணினார், எத்தனை எண்ணினார் என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூரைக்காரர் சேதத்தைக் காட்டலாம், விலையை விளக்கலாம். உங்கள் சார்பில் கிளெய்ம் பேரம் பேசுவது அவர் வேலையல்ல, சட்டமும் அனுமதிக்காது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். உங்கள் கூரை 28 ஸ்கொயர், அதாவது 2,800 சதுர அடி. வெட்டி வீணாவதற்கு 10 முதல் 15 சதவீதம் சேர்த்தால் 31, 32 ஸ்கொயர் சரக்கு வர வேண்டும். சாதாரண ஆர்க்கிடெக்சரல் ஷிங்கிளில் ஸ்கொயருக்கு மூன்று கட்டு, ஆக 93 முதல் 96 கட்டு. லாரி வந்து இறக்கும்போது எண்ணிவிடுங்கள்.

பழையதைப் பலகை தெரியும்வரை பிரித்தெடுக்க வேண்டும், பழையதன் மேலேயே போடக் கூடாது. பிரித்த பிறகு பலகை உளுத்திருந்தால் 4-க்கு 8 அடிப் பலகை ஒன்றுக்கு என்ன விலை என்பதை முன்கூட்டியே எழுத வையுங்கள். கூரை திறந்து கிடக்கும்போது பேரம் பேச முடியாது. விளிம்புத் தகடு, குழாய்க் காலர், சுவரோரப் படித்தகடு எல்லாம் புதிது என்று இருக்கட்டும். சரிவுகள் சேரும் பள்ளத்தில் பசையுள்ள நீர்த்தடுப்புத் தாள் வேண்டும். ஷிங்கிளுக்கு ஆறு ஆணி, அதுவும் குறியிட்ட கோட்டின் மேல். காற்றழுத்தம் அதிகமாக வைத்து அடித்தால் ஆணித் தலை ஷிங்கிளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், முதல் பெருங்காற்றில் பறக்கும்.

முன்பணமாக முழு 5,000-ஐ நீட்டாதீர்கள். சரக்கு உங்கள் வீட்டில் இறங்கும் வரையோ பெரும்பகுதி வேலை முடியும் வரையோ, வாங்கிய பணத்தைக் கான்ட்ராக்டர் உங்கள் பணமாகவே தனியே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசிப் பணம் கொடுக்கும் முன் இரண்டு தாள் கையில் இருக்க வேண்டும். கட்டடத் துறையின் இறுதி ஆய்வு ஒப்புதல் ஒன்று. சரக்குக் கடைக்கும் கூலியாட்களுக்கும் பாக்கி இல்லை, வீட்டின்மேல் உரிமை கோர மாட்டோம் என்ற விடுவிப்புக் கடிதம் மற்றொன்று.

வேலை முடிந்த அன்று மாலை, ஹீட்டரைப் போடுவதற்கு முன், கூரைக்காரரைக் கூரைக்கு அடியிலுள்ள அட்டிக் அறைக்குள் டார்ச்சோடு அனுப்புங்கள். மேலே தட்டித் தட்டி அடித்ததில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் புகைக்குழாயின் இணைப்பு கழன்றிருக்கலாம். கழன்றிருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் இறங்கும். வாசலிலும் புல்தரையிலும் காந்தம் இழுத்து ஆணி பொறுக்கச் சொல்லுங்கள்.

கிளாஸ் 4 ஷிங்கிளும் அடுத்த மாற்றலும்

கிளாஸ் 4 என்பது யு.எல். 2218 என்ற சோதனையின் உச்ச நிலை. 2 அங்குல இரும்புக் குண்டை 20 அடியிலிருந்து ஒரே இடத்தில் இரு முறை போட்டும் ஷிங்கிளின் பின்பக்கம் விரியக் கூடாது. அது புது ஷிங்கிளில் செய்யும் சோதனை. பத்து வருட வெயில் தின்ற கூரைக்கோ 2 அங்குலத்தைத் தாண்டிய கட்டிக்கோ அது வாக்குறுதி அல்ல. கூடுதல் விலை உங்கள் பொறுப்பு, இன்ஷூரன்ஸ் இருந்ததற்கு ஈடாகத்தான் தரும். பிரீமியத்தில் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தள்ளுபடியோடு, தோற்றத்தை மட்டும் கெடுக்கும் சேதத்துக்குப் பணம் இல்லை என்ற பிரிவையும் சேர்த்து ஒட்டுகிறார்களா என்றும் கேளுங்கள்.

மாற்றல் வந்ததும் விற்றுவிடுவீர்கள் என்றால் சாதாரண ஷிங்கிள் போதும் என்பேன். வாங்குபவரும் வி.ஏ. லோனில் வரக்கூடிய ஊர் அது. மதிப்பீட்டாளர் பார்ப்பது கூரை நீர் புகாமல், இன்னும் பல வருடம் தாங்குமா என்பதை. வாடகைக்கு விட்டு வைத்துக்கொள்வதாக இருந்தால் கிளாஸ் 4-ஐயே போடுங்கள். தொலைவில் இருந்துகொண்டு இன்னொரு 8,400 டாலரும் இன்னொரு அட்ஜஸ்டரும் உங்களுக்கு வேண்டாம்.

வாடகைக்கு விடும் நாளிலிருந்து உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கான இப்போதுள்ள பாலிசி பொருந்தாது. வாடகைக்காரர் குடிவரும் தேதிக்கு முன்பே வீட்டு உரிமையாளருக்கான வாடகைவீட்டுப் பாலிசியாக மாற்றச் சொல்லுங்கள். நடுவில் வீடு காலியாகக் கிடக்கும் வாரங்களையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஷிங்கிள் உத்தரவாதத்தை உங்கள் பெயரில் பதிவு செய்து, வேறொருவர் பெயருக்கு மாற்ற எத்தனை நாள் அவகாசம், என்ன கட்டணம் என்பதையும் அப்போதே குறித்து வையுங்கள்.